மாமா சொன்ன சிங்கப்பூரும் நான் போய் இறங்கிய சிங்கப்பூரும்: டெல்டாவிலிருந்து முதல்முறை கிளம்புபவர்களுக்கு

2018-ல் நான் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது சட்டைப்பையில் கிடந்த சூயிங்கத்தைத் திருச்சி விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மென்றால் பிரம்படி என்று மாமா சொல்லியிருந்தார். அதே மாமா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "ஏஜென்ட்டுக்குக் கட்டுற காசெல்லாம் ஒரு காசா? ஆறே மாசத்துல எடுத்துடலாம்டா." குப்பையில் போட்டிருக்க வேண்டியது அதைத்தான். நம்பி மூன்றரை லட்சம் கட்டினேன். அம்மாவின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது, மிச்சம் இரண்டு வட்டிக்கு வாங்கியது. கடன் தீர இரண்டு வருடம் ஆனது.

மாமா பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் வேலை பார்த்தது 1990-களில். அப்போது கட்டிய காசு, வாங்கிய சம்பளம், இருந்த சட்டம் எல்லாம் வேறு. ஊருக்குத் திரும்பியதும் அவர் மனதில் சிங்கப்பூர் அப்படியே நின்றுவிட்டது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, நீடாமங்கலம் பக்கம் தெருவுக்கு இப்படி நாலு மாமா இருப்பார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் சபராளி என்பார்கள். அவர்கள் சொல்லும் கதைகள் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை வைத்துப் பணம் கட்டக் கூடாது.

ஐந்து வருடம் சிங்கப்பூரில் இருந்தேன். திரும்பி வந்த பிறகு சித்தப்பா மகனை துபாய்க்கு அனுப்ப நான்தான் கூட அலைந்தேன். அந்த இரண்டு அலைச்சலையும் வைத்து இதை எழுதுகிறேன். விதிகளும் கட்டணங்களும் மாறும். பணம் கட்டும் முன் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கேள்விப்பட்டதையெல்லாம் எழுதி, பக்கத்தில் வருடம் போடுங்கள்

ஒரு தாளில் நீங்கள் போகப் போகும் நாட்டைப் பற்றிக் கேட்டதையெல்லாம் எழுதுங்கள். யார் சொன்னார், அவர் கடைசியாக அங்கே இருந்த வருடம் என்ன என்று பக்கத்தில் குறியுங்கள். பத்து வருடத்துக்கு முந்தையது எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். என் தாளில் இருந்தவற்றில் சில:

சூயிங்கம் மென்றால் அடி. அப்படி இல்லை. 1992-ல் வந்த தடை, நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் விற்பதற்கும்தான். 2004-லிருந்து மருத்துவக் காரணத்துக்கான சில வகைகளை மருந்துக்கடையில் விற்கவும் அனுமதித்துவிட்டார்கள். மென்றதற்கு அடி கிடையாது, பெட்டியில் கொண்டுபோனால்தான் வம்பு.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) புல்வெளியில் உட்கார்ந்து பீர் குடிக்கலாம். மாமா காலத்தில் குடித்தார்கள். 2013 டிசம்பர் 8-ல் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்த பிறகு, 2015-ல் தனிச் சட்டமே வந்தது. நாடு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் இன்னும் கடுமை, சனி ஞாயிறு முழுக்கத் தடை. எங்கள் பக்கத்து ரூம் ஆள் இது தெரியாமல் அபராதம் கட்டினார்.

ஐம்பது வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். இதுவும் மாறிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து ஒர்க் பர்மிட்டில் 63 வயது வரை வேலை பார்க்கலாம். இத்தனை வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பழைய உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். "வயசாயிடுச்சு, அதனால கூட ரெண்டு லட்சம் ஆகும்" என்று ஏஜென்ட் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அங்கே எல்லாம் தமிழ்தான். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையத்திலும் தமிழ் எழுத்து இருக்கும், உண்மை. ஆனால் என் சூப்பர்வைசர் சீனர், கூட வேலை பார்த்த பாதிப் பேர் பங்களாதேஷ்காரர்கள். சாரத்தில் நின்றுகொண்டு "கீழே ஆள் இருக்கிறது, நிறுத்து" என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் முதல் மாதம் திண்டாடினேன். கிளம்பும் முன் நூறு வார்த்தை ஆங்கிலமாவது நாக்கில் புழங்கட்டும்.

2. பாஸ்போர்ட்: பெயரிலேயே பாதிச் சிக்கல்

திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ்தான் நம் மாவட்டங்கள் வரும். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2000. விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம். கம்ப்யூட்டர் சென்டரில் போட்டால் அவர்கள் கூலி தனி. அப்படிப் போடும்போது எழுத்துக்கு எழுத்து நீங்கள் படித்துப் பாருங்கள். போலீஸ் விசாரணை எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஆவணங்கள் ஒத்துப்போனால் அதற்கு முன்பே வந்துவிடும்.

கவனிக்க வேண்டியது மூன்று.

முதலாவது இன்ஷியல். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் நிற்காது, விரித்து எழுத வேண்டும். நம் ஆட்கள் பலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடாமல் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை. மாமா ஒற்றைப் பெயரோடு உலகம் சுற்றியிருக்கலாம், உங்களால் முடியாது.

இரண்டாவது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. பத்தாவது பாஸ் என்றால் அதைக் கட்டாயம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டாவிட்டால் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) முத்திரையோடு பாஸ்போர்ட் வரும். அந்த முத்திரை இருந்தால் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா மகன் டிப்ளமோ முடித்தவன், சான்றைக் காட்டாததால் ஈசிஆர் விழுந்தது. அதை நீக்க மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம், ஒரு மாதம் போச்சு.

மூன்றாவது, ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பிறந்த தேதி ஒன்றுதானா என்று பாருங்கள். ஜூன் மாதம் பிறந்ததாகப் பள்ளியில் எழுதிவிட்டு ஆதாரில் வேறு தேதி இருப்பது நம் பக்கம் சகஜம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பாஸ்போர்ட்.

3. எந்த பாஸில் (வேலை அனுமதியில்) போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"சிங்கப்பூர் வேலை" என்று ஒரு வேலை கிடையாது. ஒர்க் பர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று மூன்று படி. ஒர்க் பர்மிட்டில் இந்தியர்கள் போகக்கூடியவை கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) ஆகிய துறைகள்தான். 2023 செப்டம்பரிலிருந்து சமையல்காரர், வெல்டர் போன்ற பட்டியலிட்ட சில வேலைகளையும் திறந்துவிட்டார்கள், அதற்கு மாதம் குறைந்தது 2000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை, பேக்கிங் வேலை என்று ஒர்க் பர்மிட் விற்கிற ஏஜென்ட்டிடம் நிற்காதீர்கள்.

எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 3300 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து 5600. வயது கூடக்கூட இதுவும் கூடும். மாமா காலத்தில் டிகிரி இருந்தால் போதும் என்பார்கள். இப்போது எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளிக் கணக்கே இருக்கிறது.

"கல்யாணம் பண்ணிட்டுப் போ, ரெண்டு வருஷத்துல குடும்பத்தையும் கூட்டிக்கலாம்" என்பது பெண் பார்க்கும்போது அதிகம் அடிபடும் வசனம். ஒர்க் பர்மிட்டில் மனைவி மக்களைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது. மற்ற இரண்டு பாஸிலும் மாதச் சம்பளம் 6000 வெள்ளிக்கு வந்தால்தான் முடியும். பெண் வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. ஏஜென்ட்டும் பணமும்

இங்கேதான் நான் விழுந்தேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கட்டுமான வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்ய வேண்டும். சிங்கப்பூர்க் கட்டுமான ஆணையம் அங்கீகரித்த தேர்வு மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. மையம் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்தில் பார்த்த பிறகே பயிற்சிக்குச் சேருங்கள். டெஸ்ட் பாஸ் ஆனால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. "டெஸ்ட், வேலை, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே தொகை" என்று என்னிடம் பேசினார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "தம்பி, நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க" என்று பதில். வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டப்படி எவ்வளவு வாங்கலாம்? இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 35,400. சிங்கப்பூரில் இருக்கும் ஏஜென்சி வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். லெவி (வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் வரி), 5000 வெள்ளிப் பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் முதலாளி தலையில்தான் விழும். உங்கள் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்க்க இமைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளம் இருக்கிறது. பதிவெண்ணைப் போட்டால் தெரியும். பதிவில்லாதவர்கள் என்று அரசே வெளியிட்ட பட்டியலும் அதிலேயே உண்டு. "நம்ம ஊர்க்காரர்தானே" என்ற காரணத்துக்காக இதைத் தாண்டிப் போகாதீர்கள். என்னை அனுப்பியவரும் நம்ம ஊர்க்காரர்தான், எங்கள் குலதெய்வத்துக்கே வரி கொடுப்பவர்.

இப்போது ஆறு மாதக் கதையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20 வெள்ளி என்று வையுங்கள். 26 நாளுக்கு 520. ஓட்டி (ஓவர்டைம்) ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 3.75. மாதம் 60 மணி நேரம் ஓட்டி பார்த்தால் 225. மொத்தம் 745. இதில் கேட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு டீ, வடை எல்லாம் போக 500 மிஞ்சும். ஒரு வெள்ளி 60 ரூபாய் என்றால் 30,000. வீட்டுக்கு 10,000 அனுப்பினால் கடனுக்கு 20,000. மூன்றரை லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் முதல் மாத வட்டியே 7,000. இப்படியே கட்டிக்கொண்டு வந்தால் கடன் முடிய 22 மாதம். பர்மிட் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு. கடன் தீருகிற நேரத்தில் பர்மிட்டும் தீருகிறது. நடுவில் கைகால் முறியாமல், கம்பெனி மூடாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும்.

ஆகவே ஏஜென்ட்டிடம் போகும் முன், அவர் சொல்லும் பேசிக் தொகையை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடுங்கள். 12 மாதத்துக்குள் கடன் தீராது என்றால் அந்த வேலை வேண்டாம். இது என் கணக்கு, உங்கள் வீட்டு நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் கைக்கு வரும் என்பது நம்மைவிட ஏஜென்ட்களுக்கு நன்றாகத் தெரியும். "இந்த வாரமே கட்டுங்க, கோட்டா முடியுது" என்ற அவசரம் அந்த மாதங்களில்தான் அதிகம். அறுவடைப் பணம் ஒரு மாதம் வங்கியில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள், ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

5. ஐபிஏ கடிதத்தைப் படிக்காமல் விமானம் ஏறாதீர்கள்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் முன்அனுமதிக் கடிதத்தை எல்லாரும் ஐபிஏ என்பார்கள். நீங்கள் கிளம்பும் முன்பே அதன் பிரதியை உங்களுக்குப் புரியும் மொழியில் முதலாளி அனுப்ப வேண்டும். தமிழிலேயே கேளுங்கள். அதில் மாத பேசிக், நிலையான படிகள், பிடித்தங்கள், ஏஜென்சிக் கட்டணம் எல்லாம் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் இந்தத் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். எனக்கு வாயால் சொன்னது நாளுக்கு 24, தாளில் இருந்தது 20. நான் அதைத் திருச்சி விமான நிலையத்தில், வரிசையில் நின்றுகொண்டுதான் படித்தேன்.

ஐபிஏ போலியாகவும் வரும். அமைச்சின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து உங்கள் விண்ணப்ப நிலையை நீங்களே பார்க்கலாம், காசு கிடையாது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

ஐபிஏ-யில் எழுதிய சம்பளத்தை நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. போய் இறங்கியதும் ஏதாவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், படித்த பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

6. அரபு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

இங்கேதான் பழைய கதைகள் இரண்டு பக்கமும் இழுக்கும். ஒரு பக்கம் "வரியே இல்லை, தங்கம் கொட்டிக் கிடக்கு", இன்னொரு பக்கம் "பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டு ஒட்டகம் மேய்க்க விட்டுடுவான்". சித்தப்பா மகன் கிளம்பும்போது எங்கள் அத்தை இரண்டாவதைச் சொல்லி அழுதார், சித்தப்பா முதலாவதைச் சொல்லி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்.

சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சரி. ஆனால் அமீரகத்திலும் சவுதியிலும் 2018 ஜனவரியிலிருந்து வாட் வரி இருக்கிறது. அமீரகத்தில் 5 சதவீதம், சவுதியில் 2020 ஜூலையிலிருந்து 15. சவுதியில் பெண்கள் 2018-லிருந்து கார் ஓட்டுகிறார்கள், அதே வருடம் சினிமா தியேட்டரும் திறந்தாயிற்று. அமீரக அரசு அலுவலகங்களுக்கு 2022-லிருந்து விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். வெள்ளிக்கிழமை லீவு என்று நினைத்துக்கொண்டு போய் இறங்காதீர்கள்.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது அமீரகத்திலும் கத்தாரிலும் சவுதியிலும் சட்டப்படி தவறு. இன்னும் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இப்போது புகார் கொடுக்கலாம். அமீரகத்தில் சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1000 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் தராவிட்டால் அதற்குத் தனிப்படி.

ஆவணங்களுக்கு வருவோம். அமீரகத்தில் ஆபர் லெட்டரை அரபு, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியிலும் தருவார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். டிகிரி, டிப்ளமோ கேட்கும் வேலை என்றால் சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும். முதலில் மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், கடைசியாக அந்த நாட்டுத் தூதரகம். ஓமன், பஹ்ரைன், சவுதிக்குத் தூதரகம் வரை போக வேண்டாம், வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் என்ற சான்றொப்பம் போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அது செல்லாது. ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். அசல் சான்றிதழைக் கைவிட்டுக் கொடுக்கும்போது ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவைத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய். மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே முக்கியம். பழைய காசநோய்த் தழும்பு இருந்தாலே தள்ளிவிடுவார்கள். அதனால் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் உள்ளூரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு வரிக்காகவே எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள், முன்னாடியே சொல்லக் கூடாதா என்று.

ஈசிஆர் பாஸ்போர்ட் என்றால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தர ஊனமானால் 10 லட்சம். இதற்கு ஏஜென்ட் 3000 வாங்கியதை நானே பார்த்தேன். ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கென்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகலாம். வயதைக் கூட்டிப் போட்டு, சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவர்கள் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னும் அலைகிறார்கள்.

7. விசா இல்லாமல் போகலாம் என்றால் கூடுதல் ஜாக்கிரதை

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது. அது சுற்றிப் பார்க்க. "போய் இறங்குங்க, பர்மிட் அங்க போட்டுக்கலாம்" என்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புது ஏமாற்று. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஒரு லட்சம் என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022-ல் அங்கிருந்து மீட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர்கள்தான் அதில் சிக்கினார்கள்.

8. படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இது என் அனுபவம் இல்லை, அக்கா மகளுக்காகப் படித்துப் பார்த்தது. "பார்ட் டைம் பார்த்தே பீஸ் கட்டிடலாம்" என்பதை மறந்துவிடுங்கள். படிக்கும் காலத்தில் பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. அவ்வளவுதான். பிரிட்டனுக்கு முதுகலை படிக்கப் போகிறவர் கணவரையோ மனைவியையோ கூட்டிப்போவதும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

9. பெட்டி கட்டும் நாள்

அம்மாக்களும் அத்தைகளும் பெட்டி கட்டுவார்கள். கட்டி முடித்ததும் நீங்கள் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

கசகசா கூடாது. அரபு நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில் வரை போகும். சிங்கப்பூருக்கும் வேண்டாம். சித்தப்பா மகன் பெட்டியில், குருமாவுக்கென்று அத்தை அரைத்துக் கொடுத்த மசாலாவுக்குள் கலந்தே இருந்தது. "கறிக்குப் போடுற கசகசாடா, யாருக்குக் கெடுதி?" என்று சண்டை. பாட்டிலை வெளியே வைத்த பிறகுதான் கிளம்பினோம்.

சிங்கப்பூருக்கு வெற்றிலை போகலாம், கூட வாயில் அடக்கும் புகையிலை போகக் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். வேப் முழுத் தடை. வலி மாத்திரை, இருமல் மருந்தில் டிராமடால், கோடீன் இருந்தால் அமீரகத்துக்கு முன்அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் எடுக்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் "என் மகன்கிட்ட குடுத்துடுப்பா" என்று தரும் பொட்டலத்தை அவர் முன்னாலேயே பிரியுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

பாஸ்போர்ட், ஐபிஏ அல்லது ஆபர் லெட்டர், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், படித்தவர் ஒருவர் கையில் இருக்கட்டும். அயலகத் தமிழர் நல வாரியத்தில் கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

10. இறங்கிய முதல் இரண்டு வாரம்

சிங்கப்பூரில் இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல், கட்டுமான ஆட்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு, கைரேகை, அப்புறம் அட்டை. அட்டை வந்ததும் அமைச்சின் செயலியில் சரிபாருங்கள். ஏட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: தினம் எத்தனை மணிக்கு வேலைக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு நாலு மாத ஓட்டிக் காசு பாக்கி நின்றபோது அந்த நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம்தான் காப்பாற்றியது. மாதாமாதம் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2016-லிருந்து சட்டம். பாக்கிக்குப் புகார் என்றால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "புகார் கொடுத்தா அன்னைக்கே பிளைட் ஏத்திடுவான்" என்பதும் மாமா சொன்னதுதான். நான் கொடுத்தேன். என் காசு வந்தது, அதன் பிறகும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன்.

அங்கிருப்பவர்கள் மனதிலும் நம்மைப் பற்றிப் பழைய படம் ஒன்று உண்டு. எங்கள் சூப்பர்வைசர், ஊரில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டார். போனில் எங்கள் ஊர் டீக்கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

11. பணம் அனுப்புவது, திரும்பி வருவது

உண்டியலில் (அங்கே ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் வந்து தருகிற சட்டவிரோத வழி) அனுப்பாதீர்கள். ரேட் கூடத் தருவார்கள், போனால் கேட்க நாதி இல்லை. வங்கி, அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கடை, இப்போது சில வங்கிகளில் போனிலிருந்தே யுபிஐ வழி. சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐ-யையும் 2023 பிப்ரவரியில் இணைத்துவிட்டார்கள். ஊரில் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றி, தனியாக என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பி வைக்க) ஒன்றும் திறந்துகொள்ளுங்கள்.

திரும்பும்போது டிவி வேண்டும் என்பார்கள். 2013 ஆகஸ்டிலிருந்து தட்டை டிவிக்கு வரிவிலக்கு கிடையாது. நகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர் என்றால் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம். அதற்கு மேல் அடுத்தவர் தங்கத்தைப் போட்டுக்கொண்டு வந்து தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், கமிஷன் எவ்வளவு சொன்னாலும். மாமாவுக்குக் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். டிவியை மன்னார்குடியிலேயே தவணையில் எடுத்துக்கொள்ளலாம்.